பெல்லட் கிரில்லில் கொழுப்பு வாளிக்குப் போய்ச் சேரவில்லை: தட்டுக்கு வாட்டம் அமைப்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: புகைவிரும்பி

வணக்கம். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை (பெல்லட்) எரித்துச் சமைக்கும், உருளை வடிவ உடல் கொண்ட பெல்லட் கிரில் ஒன்றை அண்மையில் வாங்கிப் பூட்டி முடித்திருக்கிறேன். பெல்லட் கொட்டும் ஹாப்பர் இடப்பக்கத்திலும், கொழுப்பு வெளியேறும் வடிகுழாயும் அதில் தொங்கும் வாளியும் வலப்பக்கத்திலும் இருக்கின்றன. உள்ளே, கீழே தீக்கிண்ணம், அதன்மேல் வெப்பத் தடுப்புத் தகடு, அதற்கும் மேல் கொழுப்புத் தட்டு, எல்லாவற்றுக்கும் மேல் இறைச்சி வைக்கும் கம்பித் தட்டு என்ற வழக்கமான அடுக்குதான். கூடவே வந்த கையேட்டில், தட்டு வடிகுழாய்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்ற ஒரே வரியைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

கொழுப்பு மிகுந்த பெரிய இறைச்சித் துண்டொன்றை 110 டிகிரி செல்சியஸில் நெடுநேரம் வேகவைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், வாளியின் அடிகூட நனையவில்லை. கொழுப்பு முழுவதும் தட்டின் இடப்புற முன்மூலையில் தேங்கி, விளிம்பைத் தாண்டி உருளையின் அடிப்பகுதியில் சொட்டி, அங்கிருந்த சாம்பலோடு குழைந்து கறுப்புச் சேறாகக் கிடக்கிறது. மூடியின் கைப்பிடி மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நிற்கிறது. கிரில் மட்டமாக இருந்தும் கொழுப்பு எதிர்ப்பக்கம் ஓடுவது ஏன்? எவ்வளவு வாட்டம் வைக்க வேண்டும்? தட்டின் மேல் அலுமினியத் தாள் விரிப்பது வாட்டத்துக்கு உதவுமா, கெடுக்குமா? கிரில்லை மண்தரையில்தான் நிறுத்தியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி
எழுதியவர்: ரசமட்டம்

நீங்கள் கடைசியாகச் சொன்ன செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். மோட்டார், விசிறி, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் ஹாப்பர் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதோடு ஹாப்பரை நிறைத்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் 8 அல்லது 10 கிலோ கூடிவிடுகிறது. மண்தரையில் நிற்கும் கிரில்லின் இடப்புறக் கால்கள் சிறிது சிறிதாகப் புதைந்தால், தட்டில் இயல்பாக இருக்க வேண்டிய வலப்புற வாட்டம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ஹாப்பரும் வடிகுழாயும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த எல்லா மாதிரிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எனவே நான்கு கால்களுக்கும் அடியில் ஒரே கனமுள்ள கல் பலகைகளையோ சிமெண்டுப் பலகைகளையோ போட்டு, தரையைக் கெட்டியாக்கிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். மண் இளகிக்கொண்டே இருந்தால், இன்று வைக்கும் வாட்டம் அடுத்த மழைக்குப் பிறகு நிற்காது.

அடுத்து, மூடியின் கைப்பிடி மட்டமாக இருப்பதற்கும் கொழுப்புத் தட்டு சரியான வாட்டத்தில் இருப்பதற்கும் தொடர்பே இல்லை. கைப்பிடியைத் திருகாணி போட்டு மாட்டியபோது அது எப்படி உட்கார்ந்ததோ அதைத்தான் குமிழி காட்டுகிறது. கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு, ரசமட்டத்தைக் கொழுப்புத் தட்டின் மேலேயே வையுங்கள். ஹாப்பர் நிறைந்திருக்கும்போதே வைத்துப் பாருங்கள், ஏனெனில் சமைக்கும்போது அந்தப் பாரத்தோடுதான் கிரில் நிற்கப்போகிறது. இடமிருந்து வலமாக ஒரு முறையும், முன்னிருந்து பின்னாக ஒரு முறையும் பார்க்க வேண்டும். இடவலத்தில் வாட்டம் தெளிவாக வடிகுழாயை நோக்கி இருக்க வேண்டும். முன்பின் திசையில் அறவே சாய்வு இருக்கக் கூடாது. உங்களுக்குக் கொழுப்பு முன்மூலையில் தேங்கியது என்பதால் இரண்டு திசைகளிலும் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்பின் சாய்வுதான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் தட்டின் நீளவாட்டு விளிம்புகளுக்குக் கீழே கொழுப்பை ஏந்திக்கொள்ளக் கால்வாய் எதுவும் கிடையாது. வழிவது அத்தனையும் உருளையின் அடியில், தீக்கிண்ணத்தின் அருகில்தான் சேரும்.

எவ்வளவு வாட்டம் என்று கேட்டிருந்தீர்கள். தட்டைத் தாங்கும் முட்டுகளிலேயே தயாரிப்பாளர் ஓரளவு சாய்வு வைத்திருப்பார். அதற்கு மேல் கிரில்லின் உடலுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி கொடுத்தால் போதும். 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாடு என்பதே அந்த ஒரு டிகிரி. ஹாப்பர் பக்கத்துக் கால்களுக்கு அடியில் அந்த அளவுக்கு அடை கொடுங்கள். கூடுதல் வாட்டம் கூடுதல் நன்மை தரும் என்று எண்ணி இரண்டு மூன்று மடங்கு தூக்கிவிட வேண்டாம்: கம்பித் தட்டின் மேல் ஏதேனும் பாத்திரம் வைத்தால் அதில் உள்ள திரவம் ஒரே பக்கம் ஒதுங்கும், சக்கரம் உள்ள கிரில்லானால் வண்டியே நகரப் பார்க்கும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தட்டு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தவறினால் பயனில்லை. பெரும்பாலான மாதிரிகளில், தட்டின் ஒரு முனை உயரமான தாங்கியிலும் மறுமுனை, கொழுப்பை வடிகுழாய்க்குக் கொண்டுபோகும் கால்வாயின் விளிம்பிலும் அமர வேண்டும். பூட்டும்போது அதைச் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டால், வலமுனை கால்வாய்க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்காது. அப்போது கொழுப்பு தட்டின் உதட்டைச் சுற்றிக்கொண்டு அடிப்புறமாகப் பின்னோக்கி ஓடி, கால்வாய்க்கு வெளியே சொட்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, தட்டின் அடியில் பிசுக்கு வழிந்த கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மின்சாரத்தைத் துண்டித்து, கிரில் முழுவதும் ஆறியிருக்கும்போது, இளஞ்சூடான சமையல் எண்ணெயில் இரண்டு கரண்டி எடுத்து, தட்டின் உயர்ந்த முனையில் மூன்று நான்கு இடங்களில் விட்டுப் பாருங்கள். ஓடும் வழி கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். இதற்குத் தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் தெறித்துத் தீக்கிண்ணத்திலோ, பெல்லட்டை அங்கே தள்ளிக்கொண்டு போகும் திருகு சுழலும் குழாயிலோ இறங்கினால் அங்கிருக்கும் பெல்லட் ஊறி உப்பி, மரத்தூள் குழம்பாகிப் பிறகு இறுகி, திருகைச் சுற்றவிடாமல் செய்துவிடும்.

மறுமொழி
எழுதியவர்: கரித்தூள்

மேலே உள்ளவர் வாட்டத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அலுமினியத் தாளைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டதால் அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

வாட்டத்துக்குத் தாள் உதவாது. கவனமாக விரித்தால் கெடுக்காமல் இருக்கும், அவ்வளவே. அதன் பயன் சுத்தம் செய்யும் நேரத்தைக் குறைப்பது மட்டும்தான். தாளில் விழும் ஒவ்வொரு சுருக்கமும் கொழுப்புக்கு ஒரு வரப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்பு நின்றுவிட்டால் அதற்கு மேலே சிறு குளம் உண்டாகி, நேரம் ஆக ஆக அது கறுத்துக் கெட்டிப்படும். ஆகவே கனமான தாளையே பயன்படுத்தி, மரக்கட்டை ஒன்றால் அழுத்தித் தேய்த்து, தட்டோடு ஒட்டியிருக்கும்படி விரிக்க வேண்டும். இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட வேண்டியிருந்தால், உயர்ந்த பக்கத்துத் துண்டு தாழ்ந்த பக்கத்துத் துண்டின் மேல் படிய வேண்டும். கூரையில் ஓடு வேயும் அதே முறைதான். மாற்றிப் போட்டால் கொழுப்பு முழுவதும் தாளுக்கு அடியில் புகுந்துகொள்ளும், நீங்கள் தாளை மாற்றும் நாள்வரை அது கண்ணில் படாது.

வலமுனையில் தாளைத் தட்டின் உதட்டுக்குக் கீழே மடித்துவிடுங்கள், ஆனால் கால்வாயையோ வடிகுழாயின் வாயையோ மூடும் அளவுக்கு நீட்டிவிடாதீர்கள். கால்வாய்க்கும் தனியாகத் தாள் போட விரும்பினால், குழாய் வாய்க்கு நேரே வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தை உள்ளே அழுத்திவிட வேண்டும். முன்பின் விளிம்புகளில் தாள் உருளையின் சுவரைத் தொடும் அளவுக்குப் பிதுங்கி நிற்கவும் கூடாது. சூடான காற்று மேலேறுவது அந்த இடைவெளி வழியாகத்தான். அதை அடைத்தால் வெப்பம் தாறுமாறாகும், தீக்கிண்ணத்தின் மேலுள்ள தகடும் தேவைக்கு மேல் சூடேறும். நேரடித் தீயில் வாட்டுவதற்கென்று துளைகளும் அவற்றின் மேல் நகரும் மூடியும் வைத்த தட்டுகள் சில மாதிரிகளில் உண்டு. அவற்றில் கொழுப்பு மிகுந்த இறைச்சியை மெல்ல வேகவைக்கும்போது அந்த மூடி முழுவதும் சாத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கொழுப்பு நேராகத் தீக்கிண்ணத்திலேயே சொட்டும்.

என் கிரில்லில் நான் தாளே போடுவதில்லை. வெறும் தட்டில் கொழுப்பு நன்றாக ஓடுகிறது, சுரண்டுவதும் சில நிமிட வேலைதான். சுத்தம் செய்யச் சோம்பல் இருப்பவர்கள் தாள் விரித்தால், அதை ஒவ்வொரு பெரிய சமையலுக்குப் பிறகும் மாற்றிவிட வேண்டும். பழைய தாளின் மேலேயே அடுத்தடுத்துச் சமைப்பதைவிடத் தாள் இல்லாத அழுக்குத் தட்டு எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டவர்
எழுதியவர்: புகைவிரும்பி

இருவருக்கும் நன்றி. கால்களுக்கு அடியில் சிமெண்டுப் பலகை போட்டு, ஹாப்பர் பக்கத்தை உயர்த்தி, எண்ணெய்ச் சோதனையையும் செய்துவிட்டேன். எண்ணெய் இப்போது வலப்பக்கம் ஓடுகிறது. ஆனால் தட்டின் நடுப்பகுதியில், தீக்கிண்ணத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய் நின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: குழாய் வழியாக வாளிக்கு வந்த கொழுப்பு, காலையில் பார்த்தால் குழாயின் வாயிலேயே வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வழி சொன்னால் நலமாக இருக்கும்.

மறுமொழி
எழுதியவர்: ரசமட்டம்

நடுவில் தேங்குவது தகடு வளைந்ததன் அடையாளம். தீக்கிண்ணத்துக்கு மேலுள்ள பகுதி மற்ற பகுதிகளைவிட அதிகமாகச் சூடேறி விரிவதால் மெல்லிய இரும்புத் தகடு அங்கே குழிந்தோ புடைத்தோ போகும். கீழேயுள்ள வெப்பத் தடுப்புத் தகடு தன் முட்டுகளில் சரியாகப் பொருந்தாமல் சாய்ந்திருந்தால் இது விரைவாகவே நடக்கும், ஆகவே அதை முதலில் எடுத்துத் திரும்ப வைத்துப் பாருங்கள். குழிவு மேலோட்டமானதாக இருந்தால், தட்டைக் கழற்றிச் சமமான தரையில் மரப்பலகை மேல் கவிழ்த்து வைத்து, இன்னொரு கட்டையைக் குறுக்கே வைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம். அடிக்கடி வளைந்துகொண்டே இருந்தால் புதிய தட்டு வாங்குவதுதான் வழி. அந்தப் பள்ளத்தை ஈடுகட்ட மொத்தக் கிரில்லையும் இன்னும் சாய்க்கும் யோசனை வேண்டாம். தட்டில் வெப்பம் மிகுந்த இடம் அதுதான். அங்கே நிற்கும் கொழுப்புதான் முதலில் புகைந்து தீப்பற்றும்.

மறுமொழி
எழுதியவர்: வாளிக்காரர்

குழாய் அடைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். பன்றிக் கொழுப்பு ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரிக்குள்ளும், மாட்டுக் கொழுப்பு 40 முதல் 50 டிகிரிக்குள்ளும் உருகும். அந்த வெப்பத்துக்குக் கீழே இறங்கினால் திரும்ப உறையத் தொடங்கிவிடும். கிரில்லின் உள்ளே எங்கும் 100 டிகிரிக்கு மேல் இருப்பதால் அங்கே கொழுப்பு தண்ணீர்போல ஓடுகிறது. வடிகுழாயோ சுவருக்கு வெளியே குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கு வந்ததும் கொழுப்பின் வேகம் குறைந்து, குழாயின் சுவரில் படலம் படலமாகப் படிகிறது. இது வாட்டத்தால் தீரும் சிக்கல் அல்ல. இறைச்சியிலிருந்து சொட்டுவது கொழுப்பு மட்டுமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: நீர், புரதம், மேலே பூசிய மசாலாவும் சர்க்கரையும் எல்லாம் சேர்ந்தே வடிகின்றன. நீர் ஆவியாகிப் போக, மீதி தார்போலக் கருகி ஒட்டிக்கொள்ளும். இந்தக் கசடை எந்த வாட்டமும் நகர்த்தாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சமையல் முடிந்து, கிரில் தன் அணைப்புச் சுற்றை (நிறுத்தியதும் மிச்சத் தீ அணையும்வரை விசிறி ஓடும் நேரத்தை) முடித்துக்கொண்ட பிறகு, கை வைத்தால் பொறுக்கும் சூடு இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது. முதலில் தட்டை மரத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் கால்வாயை நோக்கி இழுத்துவிடுங்கள். கூர்மையான இரும்புச் சுரண்டி பூச்சை உரித்துத் துருவுக்கு வழிசெய்யும். பின்பு, குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி, சுழற்றி எடுங்கள். புட்டி கழுவும் தூரிகையும் நன்றாக வேலை செய்யும். நீண்ட சமையலின் நடுவிலேயே அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர் இருந்தால், இடையில் ஓரிரு முறை குச்சியை வெளியிலிருந்து விட்டு எடுத்தாலே போதும், மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

வாளியைப் பற்றியும் சில சொற்கள். உள்ளே அலுமினிய உறை போட்டுக்கொண்டால் உறைந்த கொழுப்பை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். உருகிய நிலையில் கழிவுநீர்க் குழாயிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது; கிரில்லின் குழாயில் உறைந்ததுபோலவே வீட்டின் கழிவுக் குழாயிலும் உறையும், வித்தியாசம் என்னவென்றால் அங்கே குச்சி எட்டாது. நீண்ட சமையலைத் தொடங்குமுன் வாளியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மழையில் நனையும் இடமானால் வாளிக்கு மூடி தேவை, ஏனெனில் மழைநீர் அடியில் தங்கிக் கொழுப்பை மேலே மிதக்கவிட்டு விளிம்பு வழியாக வழியச் செய்யும். தீக்கிண்ணத்துச் சாம்பலை இந்த வாளியில் கொட்டும் பழக்கம் மட்டும் யாருக்கும் வரக் கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் வாளியே விளக்காகிவிடும். சாம்பலுக்குத் தனியாக மூடியுள்ள இரும்புப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு அதிகம் வடியும் என்று முன்பே தெரிந்த இறைச்சியானால், அதன் அடியில் ஓர் ஆழமற்ற அலுமினியத் தட்டை வைத்துப் பெரும்பகுதியை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். சுற்றிலும் காற்று செல்ல இடம் விட வேண்டும், அது நிரம்பும்வரை விடவும் கூடாது.

மறுமொழி
எழுதியவர்: கரித்தூள்

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வாட்டத்தைச் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதியில் பலரும் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். 110 டிகிரியில் நடக்கும் மெதுவான சமையலின்போது தேங்கிய கொழுப்பு பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். அடுத்த முறை 230 அல்லது 250 டிகிரிக்கு ஏற்றி எதையேனும் வாட்டும்போதுதான் அது பற்றிக்கொள்ளும். எனவே நீண்ட சமையலுக்கும் அதிக வெப்பச் சமையலுக்கும் நடுவில் தட்டைச் சுரண்டுவது கட்டாயம். உங்களுக்கு உருளையின் அடியில் சாம்பலும் கொழுப்பும் கலந்து கிடப்பதாகச் சொன்னீர்கள். அதை முழுவதும் வழித்துத் துடைத்து எடுக்காமல் கிரில்லை இனி மூட்டவே மூட்டாதீர்கள். சாம்பல் உறிஞ்சும் இயந்திரத்தை அந்தச் சேற்றில் பயன்படுத்தினால் அதன் வடிகட்டி கெட்டுவிடும், பழைய துணியும் சுரண்டியும்தான் சரி. வெப்பமானியின் முனையையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். அதில் பிசுக்கு ஏறினால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தவறான வெப்பநிலை போகும்.

தீப்பற்றிவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து தீ எழும்பும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் எட்ட முடிந்தால் மின்சாரத்தைத் துண்டியுங்கள், விசிறி நின்றால் தீக்குக் காற்று குறையும். தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி ஏற்கெனவே திறந்திருந்து, தீ சிறியதாகவும் அருகில் நிற்க முடிவதாகவும் இருந்தால் சமையல் சோடாவைத் தூவலாம், அல்லது எண்ணெய்த் தீக்கு உரிய தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வளர்ந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்
எழுதியவர்: புகைவிரும்பி

அடியில் கிடந்த சேற்றை வழித்தெடுத்துவிட்டேன். வெப்பத் தடுப்புத் தகட்டின் ஒரு முட்டு அதன் பள்ளத்தில் இறங்காமல் மேலேறி நின்றிருந்தது. அதைச் சரியாக வைத்ததும் தட்டின் நடுவில் எண்ணெய் நிற்பது பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு சிறு சந்தேகம்: குழாயைச் சுத்தம் செய்த பிறகு அதன் வழியாக வாளிப் பக்கம் கொஞ்சம் புகை வருகிறது. வெப்பம் வீணாகாமல் இருக்க அதில் துணியோ தாளோ அடைத்து வைக்கலாமா?

மறுமொழி
எழுதியவர்: வாளிக்காரர்

அடைக்க வேண்டாம். குழாய் திறந்திருந்தால் விசிறியின் அழுத்தத்தில் சிறிது புகை அந்த வழியே வருவது இயல்புதான். முன்பு உறைந்த கொழுப்பு அடைத்திருந்ததால் அது உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கும். சமையல் நடந்துகொண்டிருக்கும்போது புகை திடீரென நின்றுபோனால் குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைப் பாருங்கள்.